கல்யாண மண்டப வாசலில் நின்றுபோன வண்டி

போன வருடம் வைகாசி மாதம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முகூர்த்த நாள் காலை. மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்து வாழைமரத்துக்கு நேர் கீழே எங்கள் வண்டி நின்றுபோனது. வண்டிதானே, நிற்காமல் என்ன செய்யும் என்று நினைப்பீர்கள். அது எந்த வண்டி என்று சொன்னால்தான் விஷயம் புரியும். இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி.

பெட்டியை வாடகைக்கு விடுவதுதான் எங்கள் தொழில். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார். போன் எடுப்பது, பெட்டியைக் கழுவித் துடைத்து வைப்பது எல்லாம் நான். இறந்தது பெண் என்றால் நானும் கூடப் போவேன். எங்கள் வண்டியைப் பார்த்தால் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். அன்றைக்கு லாரித் தண்ணீர் கூட வரவில்லை, அவ்வளவு தண்ணீர் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம். சொந்தக்காரர்கள் கல்யாணம் என்றால் பத்திரிகை வரும், கூடவே ‘வண்டிய எடுத்துக்கினு வராதீங்க’ என்று ஒரு போனும் வரும். பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது பழகுகிற விஷயம் இல்லை.

வண்டி பழைய மினி லாரி. எங்களுக்கு முன்னால் யாரோ ஐஸ்கிரீம் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாங்கி, பின்பக்கம் தரையில் புதிதாகப் பலகை அடித்து, அதன் மேல் பெட்டியை ஏற்றினோம். பல வருடம் முணுமுணுக்காமல் ஓடிய வண்டிதான். அந்த வருடம் பொங்கல் முடிந்ததிலிருந்து பேட்டரி படுத்த ஆரம்பித்தது. நாள் முழுக்க ஓட்டினால் ஓடும். இரவு நிறுத்தினால் காலையில் சாவி திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடும்போதும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்புப் பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும்.

முதல் மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்றார். புதுசு போட்டோம். இரண்டாவது மெக்கானிக் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றார். அதைக் கழற்றிக்கொண்டு போய் சரிசெய்து மாட்டினார். மூன்றாமவர் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினார், செல்ஃப் மோட்டாரையும் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் நன்றாக இருக்கும், மறுபடி அதே டக். கடைசியாக வந்தவர், ஏதாவது கண் பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் கட்டுங்கள் என்றார். எங்கள் வண்டியைக் கண் வைத்துப் பார்க்கிறவர் யார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் கட்டினோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜரில் போட்டு, அப்படியே சமையலறை மூலையில் வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. வண்டியில் மாட்டி வைத்தால்தான் காலைக்குள் செத்துப்போகும். ‘அதுக்கும் அந்த வண்டில ராத்திரி தங்க பயமா கீது போல’ என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் தினமும் இரவில் பேட்டரியைக் கழற்றி, செல்போனுக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி போட்டு, காலையில் மாட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்த முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. விடியற்காலையில்தான் வந்தது.

காலையில் போன். திருவான்மியூரிலிருந்து ஒரு பெண். அவளுடைய அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் இவளைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் வெளிநாட்டிலிருந்து வர மறுநாள் ஆகும். ‘ஐஸ் வாங்கி வச்சிருக்கேங்க, ஆனா உருகிக்கிட்டே இருக்கு, சீக்கிரம் வாங்க’ என்றாள். அழவில்லை. அழுவதற்குக்கூட நேரம் இல்லாத குரல் அது. அந்த வெயிலில் பெட்டி வந்து சேர நேரமானால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வேறு யாரிடமாவது கேட்கச் சொல்லலாம் என்றால், கத்திரி வெயில் காலத்தில் ஊரில் உள்ள எல்லாப் பெட்டியும் ஏதாவதொரு வீட்டில்தான் இருக்கும். வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அரைகுறையாக ஏறிய சார்ஜில் வண்டி எப்படியோ கிளம்பியது. கிளம்பும்போது என் வீட்டுக்காரர், ‘நடுவுல எங்கயும் ஆஃப் ஆவக் கூடாதுடா சாமி’ என்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். சாமிக்கு அன்று முகூர்த்த நாள், வேலை அதிகம்.

மண்டபத் தெருவில் நுழைந்ததும் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பக்கத்துக் கோயிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பும் நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள். எதிரில் ஒரு காய்கறி வண்டி. என் வீட்டுக்காரர் பதறிப்போய் கிளட்சை விட்டுவிட்டார். ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினார். டக். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் வாழைத்தார் தொங்குகிறது, பக்கத்தில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். பின்னால் ரோஜாப்பூ வைத்த மாப்பிள்ளை கார், எங்கள் வண்டி விலகினால்தான் நகர முடியும் என்று நிற்கிறது. எங்கள் வண்டியின் பின்கதவில், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்று நாங்களே ஆசையாகப் பெரிதாக எழுதி வைத்த ‘ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு’ என்ற எழுத்துகள், நேராக மாப்பிள்ளையின் முகத்துக்கு எதிரில்.

நாதஸ்வரக்காரர் ஒருவர் ஊதுவதை நிறுத்திவிட்டார். மண்டபத்துக் காவலாளி ஓடி வந்து, ‘எடு, எடு, எடத்த காலி பண்ணு’ என்று கத்தினார். ‘ஸ்டார்ட் ஆவல நைனா, ஒரு கை குடு, தள்ளிவுட்டா போய்டுவோம்’ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காவலாளி இரண்டடி பின்னால் போனார். ஆளாளுக்கு எடுக்கச் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் வண்டியில் கை வைக்கவில்லை. பட்டு வேட்டிகளும் பட்டுப் புடவைகளும் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்ட மாதிரி தள்ளி நின்றன. நான் இறங்கி, தனியாகப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தேன். பெட்டியோடு சேர்ந்து அந்த வண்டி என் ஒருத்தி கைக்கு அசையுமா? கையில் போன் அடித்தது. அந்தப் பெண்தான். ‘எங்க வந்துட்டீங்க?’ என்றாள். பக்கத்தில்தான் என்று பொய் சொன்னேன். எனக்கு அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எல்லாரையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் வாசலில் இருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் ஆரத்தித் தட்டு. மாப்பிள்ளைக்குச் சுற்றுவதற்காகக் காத்திருந்த அவர்தான் கல்யாணப் பெண்ணின் அம்மா என்பது பார்த்ததுமே தெரிந்தது. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து, ‘எந்த வீட்டுக்கும்மா போறீங்க?’ என்று கேட்டார்.

சொன்னேன். திருவான்மியூர், வயசான அம்மா, வீட்டில் ஒரே ஒரு பெண் தனியாக இருக்கிறாள், ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது என்று. அவர் திரும்பி, ‘டேய் தம்பி, இங்க வா’ என்று குரல் கொடுத்தார்.

வந்தவர் அவருடைய தம்பி, கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். அவர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன் என்பது பிறகு தெரிந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார், அந்த டக்கைக் கேட்டார். ‘பேட்டரில ஒண்ணியும் இல்லக்கா. வேற வண்டிலேந்து கரண்ட் குடுத்தா எடுத்துக்கும். கேபிள் எங்கிட்ட கீது. ஆனா என் கார் உள்ள மாட்டிக்கினு கீது’ என்றார். சொல்லிவிட்டு, எங்கள் பின்னால் நின்ற காரைப் பார்த்தார். அவர் அக்காவும் பார்த்தார். நானும் பார்த்தேன். ரோஜாப்பூ வைத்த மாப்பிள்ளை கார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ‘என்னம்மா இது, மாப்பிள்ளை கார்லேந்தா இதுக்குக் கொடுக்கிறது? நல்ல நேரத்துல நல்லாவா இருக்கு?’ என்றார். நியாயமான கேள்விதான். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். தாலி கட்டும் முன்னால் சம்பந்தி வீட்டாரை எதிர்த்துப் பேச எந்தப் பெண்ணைப் பெற்றவளுக்குத் துணிச்சல் வரும்? அந்த அம்மாவின் முகமும் வெளுத்துத்தான் போனது. ஆனால் நிதானமாகச் சொன்னார்: ‘அங்கயும் ஒரு பொண்ணுதாங்க அம்மாவ வச்சுக்கிட்டுக் காத்திருக்கா.’

கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினார். மாலை கழுத்தில் இருக்கிறது, நெற்றியில் சந்தனம். ‘எடுத்துக்கோங்க அத்தை’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

காய்கறி வண்டி ஒதுங்கிக் கொடுக்க, டிரைவர் காரை ஒடித்துத் திருப்பி எங்கள் வண்டி ஓரமாகக் கொண்டுவந்தார். பானெட்டைத் திறக்க வேண்டும் என்றால் மேலே கட்டியிருந்த பூ அலங்காரத்தைக் கழற்ற வேண்டும். அந்த அம்மா அதைப் பிரிக்கப் போனார். கையில் ஆரத்தித் தட்டு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், ‘இதக் கொஞ்சம் புடிங்கம்மா’ என்று நீட்டினார்.

எனக்குக் கை வரவில்லை. என்னையா என்பது போல் பார்த்தேன். ‘புடிங்க, நேரமாவுது’ என்றார். வாங்கிக்கொண்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் தட்டில் தளும்பியது. ஒரு சொட்டு கீழே சிந்தக் கூடாது என்று நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பூ எடுத்துக் கொடுக்கக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. என் கண்ணில் நீர் வந்ததை வெயில் மேல் போட்டுவிட்டேன்.

தாய்மாமன் கேபிளை மாட்டி, கார் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, ‘இப்ப அடிங்க’ என்றார். வண்டி பிடித்துக்கொண்டது. நாதஸ்வரக்காரர் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி மறுபடி ஊத ஆரம்பித்தார். தாய்மாமன் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். மங்கலாக எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டி, ‘இது பேட்டரி கோளாறு இல்லீங்க. கல்யாணம் முடியட்டும், நானே வந்து பாக்கறேன். அது வரைக்கும் நடுவழில எங்கயும் ஆஃப் பண்ணாதீங்க’ என்று சொல்லி எங்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் வந்து, ‘போயிட்டு வாங்கம்மா’ என்றார்.

சாதாரண வார்த்தைதானே என்று உங்களுக்குத் தோன்றும். சாவு வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்வதில்லை, போயிட்டு வாங்க என்றும் சொல்வதில்லை. பேசாமல் வந்து பேசாமல் போக வேண்டும். எங்களுக்குத் தொழிலே அந்த வீடுகளில்தான். பெட்டியை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிடுவோம். பெட்டியோடு வண்டி கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம் நான்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, ஏதோ ஒரு பயம். அந்தப் பெட்டி பின்னால் இருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டம்மா வாய் நிறைய அதைச் சொன்னார். நான் கையைக் கூப்பினேன்.

திருவான்மியூரில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐஸ் பாதிக்கு மேல் கரைந்திருந்தது, ஆனால் இறந்துபோன அம்மாவின் முகம் தூங்குகிற மாதிரியே இருந்தது. பெட்டியில் வைத்துக் கண்ணாடியை மூடிய பிறகுதான் அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். மறுநாள் அண்ணன் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கல்யாணக் களைப்பில் அந்தத் தாய்மாமன் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய லுங்கியும் கையில் கரண்ட் அளக்கிற ஒரு மீட்டருமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். வந்ததும் முதல் கேள்வி வண்டியைப் பற்றி இல்லை. ‘அந்தப் பொண்ணு வூட்டுக்கு நேரத்துக்குப் போனீங்களான்னு அக்கா கேட்டுக்கினு வரச் சொன்னாங்க’ என்றார்.

சாவியை எடுக்கச் சொன்னார். விளக்கு, ஹாரன் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரியின் ஒரு பக்க வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். முள் நகர்ந்து நின்றது. ‘பாத்தீங்களா? வண்டி தூங்குது, கரண்ட் போய்க்கினே கீது’ என்றார். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முள் அசையவே இல்லை. ‘அப்ப இந்தப் பக்கம் இல்ல. ஃபியூஸ் வழியா போவாத ஏதோ ஒரு லைன் நேரா பேட்டரிலேந்து போவுது’ என்று சொல்லிக்கொண்டே தரையில் படுத்து, அடியில் போன ஒரு சிவப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது பின்பக்கம் போய், பலகைக்குள் நுழைந்து மறைந்தது.

‘பெட்டிய கொஞ்சம் நகத்தணுமே’ என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அதுவரை வந்த மெக்கானிக்குகள் எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பிரித்து மேய்ந்தார்கள். பின்பக்கம் ஒருவரும் ஏறவில்லை. ‘அங்க ஒண்ணும் இருக்காதுங்க, பெட்டிதானே’ என்பார்கள். வாசலில் காசு வாங்கும்போதுகூட பின்கதவைத் தாண்டித் தள்ளி நின்றுதான் வாங்குவார்கள். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பெட்டியின் ஒரு முனையை அவரே தூக்கினார். நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பலகையை நெம்பினார்.

அடியில் பழைய ஐஸ்கிரீம்காரர் விட்டுப்போன வயரிங் அப்படியே இருந்தது. அந்தக் காலத்துக் குளிர்ப்பெட்டிக்குப் போட்ட இணைப்பு. பேட்டரியோடு நேராகச் சேர்ந்தது. அதன் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கிடந்தது. விரலால் தொட்டு நெருடிப் பார்த்துவிட்டு, ‘இதுல உப்பு எப்படிங்க வந்துச்சு?’ என்று கேட்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு சாவு வீட்டிலிருந்து வந்ததும், தீட்டுப் போக வேண்டும் என்று கல் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை வண்டியின் பின்பக்கம் முழுக்க நான்தான் ஊற்றிக் கழுவுவேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது ஒரு வழக்கம் இருக்கும். பலகை இடுக்கு வழியாக அந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக இறங்கி, வயரை அரித்து, கரண்ட் கசிய வழி பண்ணியிருக்கிறது. அது மட்டும் இல்லை. அடியில் வழிந்த அந்தத் தண்ணீரில், எஞ்சினையும் வண்டியின் இரும்புச் சட்டத்தையும் சேர்க்கும் எர்த் பட்டையும் துருப்பிடித்து நூலாகிக் கிடந்தது. ‘உள்ள இருக்கறது வெளிய போய்க்கினே கீது, டைனமோ குடுக்கறது உள்ள ஒழுங்கா வந்து சேரல. பேட்டரி பாவம் இன்னா பண்ணும்?’ என்றார். அதனால்தான் அந்தச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

பழைய வயரை வெட்டி எடுத்தார். புது எர்த் பட்டை போட்டார். சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் எடுத்தது, சிவப்பு விளக்கு சுத்தமாக அணைந்தது. மறுபடி மீட்டரை வைத்தார், முள் படுத்துக்கொண்டது. நான் அசடு வழிய நின்றேன். ‘எங்க அம்மாவும் சாவு வூட்டுக்குப் போய்வந்தா தலையோட தண்ணி ஊத்திக்கும். கழுவுங்க, வேணாங்கல. வெறும் தண்ணில கழுவுங்க’ என்று சிரித்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. காபி கேட்டார். அதுவும் வாசலில் நின்றல்ல, உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார்.

தீட்டு என்று மற்றவர்கள் பின்பக்கம் ஏறவில்லை, தீட்டு என்று நான் உப்பை ஊற்றினேன். கோளாறை உண்டாக்கியதும் அதுதான், ஒளித்து வைத்ததும் அதுதான். மற்றவர்கள் எங்களைத் தள்ளி வைக்கிறார்கள் என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன். என் சோற்றுக்கு வழி செய்கிற வண்டியை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அதன் பிறகு பேட்டரி சமையலறைக்கு வந்ததே இல்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுக்கவில்லை, வண்டிக்கு அது அழகாக இருக்கிறது. அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. மண்டபத்துப் பக்கம் போகும்போதெல்லாம், முகூர்த்த நாளாக இருந்தால், வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன்.

பெட்டியோடு வண்டி கிளம்பும்போது இப்போதெல்லாம் நான் வாசலில் நின்று, ‘போயிட்டு வாங்க’ என்று என் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். முதல் நாள் அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், இப்போது சொல்லாவிட்டால் வண்டியை எடுக்காமல் காத்திருக்கிறார். மகளின் கல்யாண நாளில், கெட்ட சகுனம் என்று ஊரே ஒதுங்கி நின்ற இடத்தில், ஒரு தாய் எனக்குக் கொடுத்த வார்த்தை அது, அதை நாள்தோறும் சொல்லிச் சொல்லித்தான் அந்த அம்மாவுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருக்கிறேன்.